பாதியில நிக்கிற ஜீப்: முடிக்கலாமா, விக்கலாமா? சம்பளக்காரருக்கான முழுக் கணக்கு



தேனி மாவட்டம் பொட்டிபுரம்னு சொன்னா, மலையைக் குடைஞ்சு அமைக்கத் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகம்தான் வெளியூர்க்காரங்களுக்கு ஞாபகம் வரும். போடி சுத்துவட்டாரத்துல பிறந்து வளர்ந்தவங்களுக்கு மலைன்னாலே முதல்ல கேக்கறது ஜீப் சத்தம். விடியறதுக்கு முன்னாடி ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டு, போடிமெட்டு கொண்டை ஊசி வளைவுகள்ல ஏறிப் போற ஜீப்கள். அதனாலதான் இந்தப் பக்கத்துல பட்டறைக்குப் பட்டறை பழைய மகிந்திரா ஜீப் ஒண்ணாவது பிரிச்சுப் போட்டுக் கிடக்கும்.

அதுல பல வண்டி டிரைவருடையதும் இல்ல, எஸ்டேட்காரருடையதும் இல்ல. சென்னையிலயோ பெங்களூருலயோ சம்பளத்துக்கு வேலை பார்க்கிற ஒரு பையனோடது. "பழைய சிஜே3பி ஒண்ணு கிடைச்சிருக்கு, ரெஸ்டோர் பண்ணிடலாம்"னு ஆசையா வாங்கியிருப்பார். முதல் ஆறு மாசம் வேலை ஜோரா நடக்கும். அப்புறம் பாடி ஒரு மூலையில, இன்ஜின் இன்னொரு மூலையில, நட்டு போல்ட்டு எல்லாம் பெயின்ட் டப்பாவுல. மாசா மாசம் ஷெட் வாடகையும், பர்சனல் லோன் இஎம்ஐயும் மட்டும் தவறாம போய்க்கிட்டு இருக்கும்.

உங்ககிட்டயும் இப்படி ஒரு வண்டி இருந்தா இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். ஜீப்புக்குப் பதிலா பழைய புல்லட், யெஸ்டி, அம்பாசடர் எதுவா இருந்தாலும் கணக்கு ஒண்ணுதான். மூணு கேள்வி பார்க்கப் போறோம். முடிக்கறதா, விக்கறதா? விக்கறதுன்னா என்ன விலைக்கு? வித்த பிறகு சட்டச் சிக்கல், வரிச் சிக்கல் வராம எப்படிப் பார்த்துக்கறது?

1. போட்ட காசை முதல்ல ஓரமா வைங்க

இந்த மாதிரி வண்டியை விக்க நினைக்கிறவர்கிட்ட விலை கேட்டா வர்ற முதல் பதில்: "இதுவரைக்கும் நாலே கால் லட்சம் போட்டிருக்கேன், அது வந்தாப் போதும்." வண்டி வருஷக்கணக்கா நிக்கறதுக்குக் காரணமே இந்த ஒரு வாக்கியம்தான்.

வாங்க வர்றவருக்கு நீங்க போட்டது எவ்வளவுங்கிறது தேவையே இல்ல. அவர் பார்க்கிறது ரெண்டே விஷயம்: முடிஞ்ச வண்டி என்ன விலைக்குப் போகும், முடிக்க இன்னும் எவ்வளவு செலவாகும். நீங்களும் அதே ரெண்டை மட்டும்தான் பார்க்கணும். போட்ட காசு போட்டதுதான். நீங்க வித்தாலும் திரும்பாது, முடிச்சாலும் திரும்பாது. ரெண்டு வழியிலயும் ஒரே மாதிரி இருக்கிற தொகை, எந்த வழியில போறதுங்கிற முடிவுக்குள்ள வரவே கூடாது.

ஒரு உதாரணத்தோட பார்ப்போம். எண்கள் எல்லாம் புரியறதுக்காக நான் வைச்சுக்கிட்டவை. உங்க வண்டிக்கு உங்க எண்களைப் போட்டுக்கோங்க.

இதுவரை ஆன செலவு:
- வண்டி வாங்கினது: ரூ.1,20,000
- சேசிஸ், டிங்கரிங் வேலை: ரூ.95,000
- இன்ஜின், கியர் பாக்ஸ்: ரூ.1,15,000
- டயர், பிரேக், உதிரி பாகங்கள்: ரூ.60,000
- ஷெட் வாடகை, ஏத்தி இறக்கின செலவு: ரூ.30,000
- மொத்தம்: ரூ.4,20,000

இனி ஆகப்போற செலவு:
- பெயின்ட்: ரூ.70,000
- வயரிங்: ரூ.30,000
- சீட், ஹூட்: ரூ.45,000
- இன்ஜின் ஏத்தறது, மிச்ச உதிரி: ரூ.55,000
- ஆர்சி புதுப்பிப்பு, இன்சூரன்ஸ்: ரூ.30,000
- மொத்தம்: ரூ.2,30,000

பட்டறையில சொல்ற எஸ்டிமேட்டோட எந்த ரெஸ்டோரேஷனும் முடியாது. திறந்து பார்த்தாத்தான் தெரியற வேலை எப்பவும் இருக்கும். அதனால 25% சேர்த்துக்கோங்க: ரூ.2,87,500. இன்னும் ஒரு வருஷம் ஆகும்னா ஷெட் வாடகை மாசம் ரூ.2,000 வீதம் ரூ.24,000. ஆக மொத்தம் ரூ.3,11,500.

முடிஞ்ச வண்டி ரூ.5,50,000-க்குப் போகும்னு வைச்சுக்குவோம். இன்னிக்கு இருக்கிற நிலையில ஒருத்தர் ரூ.2,00,000 தர்றேன்கிறார்.

முடிச்சு வித்தா உங்க கையில நிக்கறது 5,50,000 – 3,11,500 = ரூ.2,38,500. இன்னிக்கே வித்தா ரூ.2,00,000. வித்தியாசம் ரூ.38,500.

"அப்ப முடிக்கறதுதானே லாபம்?" கொஞ்சம் பொறுங்க. அந்த ரூ.2,87,500-ஐ 14% பர்சனல் லோன்ல எடுக்கறீங்கன்னு வைங்க. பணம் ஒரே நாள்ல போகாது, வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாப் போகும். அதனால சராசரியா ஆறு மாச வட்டி போட்டாலே ரூ.20,125. மிச்சம் ரூ.18,375. இன்னிக்குக் கிடைக்கிற ரூ.2,00,000-ஐ 7% டெபாசிட்ல போட்டிருந்தா வந்திருக்கும் ரூ.14,000. அதையும் கழிச்சா மிச்சம் ரூ.4,375.

ஒரு வருஷம் சனி ஞாயிறெல்லாம் ராத்திரி பஸ் புடிச்சு ஊருக்கு வந்து, பட்டறையில நின்னு, உதிரி பாகம் தேடி அலைஞ்சதுக்குக் கூலி ரூ.4,375. பஸ் டிக்கெட்டுக்கே பத்தாது. ஏற்கெனவே உங்களுக்கு 14% கடன் இருந்து, இந்த ரூ.2,00,000-ஐ அதுல கட்டியிருக்கலாம்னா, மிச்சமாகற வட்டி ரூ.28,000. அப்பப் பார்த்தா வண்டியை முடிக்கறதுல ரூ.9,625 நஷ்டம்.

உங்க எண்களைப் போட்டுப் பார்க்கும்போது மனசுல வைச்சுக்க வேண்டியது இதுதான்: முடிக்கறதால ஏறப்போற விலை, இனி ஆகப்போற செலவையும் வட்டியையும் விடத் தெளிவா அதிகமா இருந்தா மட்டும் முடிங்க. வயரிங்கும் சீட்டும் மட்டும்தான் பாக்கின்னா முடிக்கறதுதான் சரி. பாதிக்கு மேல வேலை பாக்கின்னா பெரும்பாலும் விக்கறதுதான் சரி.

இன்னொரு சோதனை. உங்ககிட்ட வண்டியே இல்ல, கையில ரூ.2,00,000 ரொக்கம் இருக்குன்னு நினைச்சுக்கோங்க. இதே வண்டியை, இதே நிலையில, அந்தக் காசுக்கு வாங்குவீங்களா? "ஐயோ, வேண்டாம்பா"ன்னு தோணுச்சுன்னா பதில் கிடைச்சாச்சு.

"விக்கறதுக்கு இல்ல சார், நான் ஓட்டறதுக்கு"ன்னு சொன்னீங்கன்னா, தாராளமா முடிங்க. அது பொழுதுபோக்கு. சுற்றுலாவுக்குச் செலவு பண்ற மாதிரி ஒரு செலவு. சம்பளத்துல மாசம் இவ்வளவுதான்னு ஒரு வரம்பு வைச்சு, கடன் வாங்காம பண்ணுங்க. முதலீடுன்னு மட்டும் உங்களை நீங்களே ஏமாத்திக்காதீங்க.

2. முழுசா முடிக்க வேண்டாம், விக்கிற நிலைக்குக் கொண்டு வாங்க

பாதி முடிஞ்ச வண்டிக்கு விலை ஏன் இவ்வளவு குறையுது? மீதி வேலையோட செலவை மட்டும் வாங்கறவர் கழிக்கறதில்ல. அவருக்குத் தெரியாததுக்கெல்லாம் சேர்த்துக் கழிப்பார். இன்ஜின் ஓடுமா? டிரான்ஸ்ஃபர் கேஸ் உள்ள பல்லு இருக்கா? சேசிஸ்ல ஒட்டு போட்டிருக்கா? பேப்பர் சரியா? ஒவ்வொரு சந்தேகத்துக்கும் பத்தாயிரம், இருபதாயிரம் குறையும்.

அந்தச் சந்தேகங்களைத் தீர்க்க ஆகிற செலவு கம்மி, ஏர்ற விலை அதிகம். நீங்க பண்ண வேண்டியது:

- இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க. வண்டியில ஏத்த முடியலைன்னா தரையில ஸ்டாண்டு வைச்சாவது ஓட்டி, வீடியோ எடுத்து வைங்க. இன்ஜின் சத்தம் கேட்டாலே வாங்கறவர் பேசற விதம் மாறும்.
- பாகங்களைக் கணக்கெடுங்க. டப்பா டப்பாவாப் போட்டு, மேல பேர் எழுதி ஒட்டுங்க. இருக்கிறது ஒரு பட்டியல், இல்லாதது ஒரு பட்டியல். பழைய வண்டியில சின்னப் பாகம் ஒண்ணு தேடறதுக்கு ஒரு மாசம் போகும். அது வாங்கறவருக்கும் தெரியும்.
- பில்லையும் போட்டோவையும் திரட்டுங்க. சேசிஸைத் தேய்ச்சு வெறும் இரும்பா நிக்கும்போது எடுத்த போட்டோ உங்ககிட்ட இருந்தா அதுக்கு நல்ல மதிப்பு இருக்கு. லேத் வேலை, போரிங், பிஸ்டன் வாங்கின பில் எல்லாம் சேர்த்து ஒரு ஃபைல் போடுங்க.
- பெயின்ட் மட்டும் அடிக்காதீங்க. விக்கிறதுக்கு முன்னாடி அடிச்ச புது பெயின்ட்டைப் பார்த்தா, அடியில துரு இருக்குமோன்னுதான் வாங்கறவர் யோசிப்பார். கலரும் அவருக்குப் பிடிக்கணும்.
- பட்டறை பாக்கியைத் தீருங்க. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ன் பிரிவு 170-படி, தன் உழைப்பைப் போட்டு வேலை செஞ்ச பொருளை, கூலி வர்ற வரைக்கும் தன்கிட்டயே வைச்சுக்க மெக்கானிக்குக்கு உரிமை இருக்கு. வாங்கறவர் லாரியோட வந்து நிக்கும்போது இந்தப் பஞ்சாயத்து வரக் கூடாது. "பாக்கி ஏதுமில்லை"ன்னு ஒரு வரி எழுதி வாங்கிக்கோங்க.

3. யார் வாங்குவாங்க?

மலையில ஜீப்புக்கு எப்பவும் கிராக்கிதான், ஆனா ஓடற ஜீப்புக்கு. பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் தோட்டம் வைச்சிருக்கிறவருக்கும், டிரிப் அடிக்கிறவருக்கும் நாளைக்குக் காலையில வண்டி மேல ஏறணும். உங்க டப்பாக்களைப் பார்த்து அவர் சிரிச்சிட்டுப் போயிடுவார். பாதி வண்டியை வாங்கறவங்க வேற. ஒண்ணு, சொந்த ஷெட் வைச்சிருக்கிற மெக்கானிக். அவருக்குக் கூலிச் செலவு இல்லாததால, உங்களுக்கு ரூ.3 லட்சம் ஆகிற வேலை அவருக்குப் பாதியில முடியும். இன்னொண்ணு, மதுரை, கோவை, கொச்சி மாதிரி ஊர்கள்ல இருக்கிற ஜீப் ஆர்வலர்கள். முதல் ஆளுக்கு விலை முக்கியம், ரெண்டாவது ஆளுக்கு ஒரிஜினல் பாகமும் பேப்பரும் முக்கியம். ரெண்டு பேர்கிட்டயும் ஒரே மாதிரி பேசாதீங்க.

"பிரிச்சு வித்தா அதிகம் வருமே"ன்னு ஒரு யோசனை வரும். கியர் பாக்ஸ், ஆக்சில், இன்ஜின் எல்லாம் தனித்தனியா மலையில போகும், உண்மைதான். கூட்டிப் பார்த்தா மொத்தமா விக்கறதைவிட அதிகமாக்கூட வரலாம். ஆனா நல்ல பாகம் எல்லாம் முதல்ல போயிடும். கடைசியில சேசிஸும் ஆர்சியும் உங்க தலையில நிக்கும். இங்கதான் பெரிய ஆபத்து. "சேசிஸையும் பேப்பரையும் மட்டும் குடுங்க, நல்ல ரேட் தர்றேன்"னு ஒருத்தர் வருவார். உங்க ஆர்சியும் சேசிஸ் நம்பரும் நாளைக்கு ஒரு திருட்டு வண்டிக்குப் பேப்பரா மாறலாம். போலீஸ் முதல்ல தேடி வர்றது ஆர்சியில பேர் இருக்கிற உங்களைத்தான்.

வண்டி இனி ஓடவே போறதில்லைன்னா, மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் பிரிவு 55-படி 14 நாளுக்குள்ள ஆர்டிஓ அலுவலகத்துக்குத் தெரிவிச்சு, ஆர்சியை ஒப்படைச்சுப் பதிவை ரத்து பண்ணணும். அரசு அங்கீகாரம் பெற்ற ஸ்கிராப்பிங் மையத்துல கொடுத்தா டெபாசிட் சான்றிதழ் தருவாங்க. அதைக் காட்டிப் புதுசா சொந்த உபயோக வண்டி வாங்கும்போது, சாலை வரியில 25% வரைக்கும் சலுகை தர மத்திய விதிகள்ல இடமிருக்கு. எவ்வளவுங்கிறது மாநிலத்தைப் பொறுத்தது. பழைய இரும்புக் கடையில எடைக்குப் போட்டா இது எதுவும் கிடைக்காது.

4. பேப்பர்: விலையில பாதி இங்கதான் இருக்கு

விளம்பரம் போடறதுக்கு முன்னாடியே பரிவாகன் தளத்துல உங்க வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்க.

பேர் யாருடையது? பழைய ஜீப்கள்ல நிறைய, கையெழுத்துப் போட்ட வெத்துப் படிவத்தோட கை மாறிக்கிட்டே வந்திருக்கும். ஆர்சியில உங்களுக்கு முன்னாடி இருந்தவர், இல்ல அவருக்கும் முன்னாடி இருந்தவர் பேர் இருக்கும். உங்க பேர்ல இல்லாத வண்டியை நீங்க விக்க முடியாது. முதல்ல உங்க பேருக்கு மாத்துங்க. பதிவு உரிமையாளர் இறந்திருந்தா அவரோட வாரிசு மூலமா படிவம் 31-ல பேர் மாத்திட்டுத்தான் அடுத்த வேலை.

ஆர்சி உயிரோட இருக்கா? சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருஷம், அப்புறம் அஞ்சு அஞ்சு வருஷமாப் புதுப்பிக்கணும். புதுப்பிக்கணும்னா மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னாடி வண்டி முழுசா நிக்கணும், டப்பாவுல நிக்கக் கூடாது. அதனால ஆர்சி காலாவதியான பாதி வண்டிக்கும், காலம் மிச்சமிருக்கிற பாதி வண்டிக்கும் விலையில பெரிய வித்தியாசம் இருக்கும். உங்க ஆர்சிக்கு இன்னும் ஒரு வருஷம்தான் இருக்குன்னா, தள்ளிப் போடற ஒவ்வொரு மாசமும் உங்களுக்கு நஷ்டம்.

இன்ஜின் நம்பர் ஒத்துப் போகுதா? பெட்ரோல் வண்டியா பதிவானதுல டீசல் இன்ஜின் ஏத்தியிருப்பாங்க. ஆர்சியில மாத்தியிருக்க மாட்டாங்க. உற்பத்தியாளர் கொடுத்த அடிப்படை அமைப்புக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில சொல்லிடுச்சு. இன்ஜின் மாத்தறதுன்னாக்கூட ஆர்டிஓ அனுமதியோடதான். இதை வாங்கறவர்கிட்ட மறைக்காதீங்க. எழுத்துல சொல்லிடுங்க, விலையில விட்டுக் கொடுங்க.

"விண்டேஜ்"னு போடலாமா? 2021 ஜூலையில வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டி, சேசிஸ், பாடி, இன்ஜின் எதுலயும் பெரிய மாற்றம் இல்லாத, வணிக உபயோகத்துல இல்லாத வண்டிதான் விண்டேஜ். 'விஏ'ன்னு தனி நம்பர், புதுப் பதிவுக்கு ரூ.20,000 கட்டணம், 10 வருஷம் செல்லும். ஆனா கண்காட்சி, ராலி மாதிரி காரணங்களுக்குத்தான் ரோட்டுல எடுக்க முடியும், தினசரி ஓட்ட முடியாது. 1990-கள்ல வந்த எம்எம்540 எவ்வளவு அழகா இருந்தாலும் விண்டேஜ் இல்ல. அப்படிச் சொல்லி வித்தா நாளைக்குத் தகராறு வரும்.

5. பேர் மாத்தாம வண்டி கேட்டைத் தாண்டக் கூடாது

இந்தக் கட்டுரையில ஒரே ஒரு பகுதியை மட்டும் ஞாபகம் வைச்சுக்கறதா இருந்தா, இதை வைச்சுக்கோங்க.

நவீன் குமார் – விஜய் குமார் வழக்குல உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில ஒரு தீர்ப்பு கொடுத்துச்சு. ஒருத்தர் 2007-ல காரை வித்துட்டார். அது பல கை மாறிப் போச்சு. 2009-ல விபத்து, ஒரு உயிர் போச்சு. வண்டி அப்ப யாரோ ஒருத்தர் கையில. ஆனா ஆர்டிஓ பதிவேட்டுல இருந்தது முதல்ல வித்தவர் பேர். நஷ்டஈடு கட்ட வேண்டியவர் அவர்தான்னு தீர்ப்பாச்சு. வித்த பணம் வாங்கி ரெண்டு வருஷம் ஆனாலும், பதிவேட்டுல பேர் இருக்கிற வரைக்கும் சட்டப்படி அவர்தான் உரிமையாளர்.

உங்க ஜீப்பை வாங்கினவர் ஆறு மாசத்துல முடிச்சு, இன்சூரன்ஸ் இல்லாம போடிமெட்டுல ஆள் ஏத்தி ஓட்டறார்னு நினைச்சுப் பாருங்க. ரூ.2,00,000-க்கு வித்த வண்டிக்காக நீங்க பல லட்சம் நஷ்டஈடு கட்ட வேண்டி வரலாம். அதனால:

- படிவம் 29, படிவம் 30 ரெண்டையும் முழுசா நிரப்பி, வாங்கறவர் பேர், தேதி எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. வெத்துப் படிவத்துல ஒரு நாளும் கையெழுத்து வேண்டாம்.
- பிரிவு 50-படி, விக்கிறவர் 14 நாளுக்குள்ள ஆர்டிஓ-வுக்குத் தெரிவிக்கணும். வாங்கறவர் வேற மாநிலம்னா 45 நாள். வாங்கறவருக்கு 30 நாள் அவகாசம். அவரை நம்பி விடாம, விண்ணப்பத்தை நீங்களே கூட இருந்து போடுங்க.
- வாங்கறவர் கேரளக்காரர்னா படிவம் 28-ல தடையில்லாச் சான்று வேணும். போடியிலிருந்து எல்லை கூப்பிடு தூரம்தான், ஆனா பேப்பருக்கு அது வேற மாநிலம். அங்க மறுபதிவும் வரியும் அவர் பொறுப்புன்னு ஒப்பந்தத்துல எழுதுங்க.
- வண்டி மேல பழைய லோன் பதிவு இருந்தா, படிவம் 35 கொடுத்து நீக்கினதுக்கு அப்புறம்தான் விற்பனை.
- ஒப்பந்தத்துல "இயங்காத நிலையில், பாகங்களாக, உள்ளது உள்ளபடி" விற்கிறதா எழுதி, பாகங்கள் பட்டியலை இணைச்சு, ஒப்படைச்ச தேதியும் நேரமும் போட்டு, ரெண்டு பேரோட அடையாள அட்டை நகலும் வைங்க. வண்டியை லாரியில ஏத்தித்தான் கொண்டு போகணும்னும் எழுதுங்க.
- ஆர்சி காலாவதியாகி, உடனே பேர் மாத்த முடியாத நிலைன்னா, விற்பனைத் தகவலை ஆர்டிஓ-வுக்குத் தபால்ல அனுப்பி, போய்ச் சேர்ந்ததுக்கான ஆதாரத்தைப் பத்திரப்படுத்துங்க. ஆனா இது முழுப் பாதுகாப்பு இல்ல. இவ்வளவு நாளுக்குள்ள முடிச்சுப் பேர் மாத்தணும்னு ஒப்பந்தத்துல கெடு போடுங்க. தெரிஞ்ச ஆளுக்கு, நிலையான முகவரி இருக்கிற ஆளுக்கு மட்டும் கொடுங்க. அது அமையலைன்னா, பதிவை ரத்து பண்ணிட்டுப் பாகமா விக்கறதே மேல்.

6. பணம் வாங்கறதுல ரெண்டு எச்சரிக்கை

முதலாவது ரொக்கம். வருமான வரிச் சட்டம், 1961-ன் பிரிவு 269எஸ்டி-படி, ஒரே பரிவர்த்தனைக்கு ரூ.2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கக் கூடாது. "இன்னிக்கு ஒன்றரை லட்சம், அடுத்த வாரம் ஒரு லட்சம்"னு பிரிச்சு வாங்கினாலும், ஒரே வண்டிக்கான பணம்தான், அதனால விதிமீறல்தான். அபராதம் எவ்வளவு தெரியுமா? வாங்கின தொகை முழுசும். கட்ட வேண்டியவர் வாங்கினவர், அதாவது நீங்க. ஏலக்காய் சீசன்ல மலையில ரொக்கம் தாராளமா புழங்கும், கட்டாக் கொண்டு வந்து நீட்டுவாங்க. வங்கி மூலமாவே வாங்குங்க.

இரண்டாவது ஆன்லைன் மோசடி. "நான் ராணுவத்துல இருக்கேன், நேர்ல வர முடியாது, அட்வான்ஸ் அனுப்பறேன், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க"ன்னு ஒரு போன் வரும். பணம் வாங்கறதுக்கு யுபிஐ பின் போட வேண்டிய அவசியமே கிடையாது. பின் கேட்டாலே போனை வைச்சிடுங்க.

7. வரி: லாபம் வந்தா? நஷ்டம் வந்தா?

ஒரு சிஏ-வா என்கிட்ட இதைத்தான் அதிகம் கேப்பாங்க.

சொந்த உபயோகத்துக்கு வைச்சிருக்கிற கார், ஜீப் எல்லாம் வருமான வரிச் சட்டம், 1961-ன் பிரிவு 2(14)-ல 'தனிப்பட்ட உபயோகப் பொருள்'ங்கிற விலக்குல வரும். நகை, ஓவியம், சிற்பம் மாதிரி சிலதுக்குத்தான் இந்த விலக்கு கிடையாது. அதனால சொந்தமா ஓட்ட வாங்கின ஜீப்பை லாபத்துக்கு வித்தாலும் மூலதன ஆதாய வரி வராது.

இதுக்கு மறுபக்கமும் உண்டு. நம்ம உதாரணத்துல ரூ.4,20,000 போட்டு ரூ.2,00,000-க்கு வித்தா நஷ்டம் ரூ.2,20,000. "இதை ஷேர் லாபத்துல கழிச்சுக்கலாமா? சம்பளத்துல கழிச்சுக்கலாமா?" ரெண்டுமே முடியாது. லாபத்துக்கு வரி இல்லாத பொருளோட நஷ்டத்துக்கும் கழிவு இல்ல.

வாங்கறதே வித்து லாபம் பார்க்கத்தான், வருஷத்துக்கு ரெண்டு மூணு வண்டி இப்படிப் பண்றேன்னா கதை வேற. அது வியாபார வருமானம். பில் எல்லாம் வைச்சுக் கணக்கு எழுதணும், ஐடிஆர்-1 போட முடியாது. அதுல நஷ்டம் வந்தாலும் சம்பளத்தோட கழிக்க பிரிவு 71(2ஏ) விடாது.

ஜிஎஸ்டி? பழைய வண்டிக்கு 18%னு செய்தி பார்த்திருப்பீங்க. அது ஜிஎஸ்டி பதிவு உள்ள வியாபாரிக்கு, அதுவும் அவரோட லாப வித்தியாசத்துக்கு மட்டும். பதிவு இல்லாத தனிநபர் தன் வண்டியை விக்கும்போது ஜிஎஸ்டி கிடையாது.

2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம், 2025 நடைமுறை. பிரிவு எண்கள் மாறும், மேல சொன்ன அடிப்படை மாறலை. விற்பனை ஒப்பந்தத்தையும் வங்கிக் கணக்குப் பதிவையும் பத்திரமா வைங்க. கணக்குல திடீர்னு வந்த பணம் என்னன்னு நாளைக்குக் கேள்வி வந்தா, காட்ட அதுதான் ஆதாரம்.

இந்த வாரக் கடைசியில பண்ண வேண்டியது

1. பட்டறைக்குப் போய், மீதி வேலைக்கு எழுத்துல எஸ்டிமேட் வாங்குங்க. 25% சேருங்க.
2. உங்க மாடல் முடிஞ்ச நிலையில என்ன விலைக்குப் போகுதுன்னு அஞ்சு இடத்துல விசாரிங்க. விளம்பரத்துல போட்ட விலையை விட்டுட்டு, கை மாறின விலையைக் கேளுங்க.
3. முதல் பகுதியில போட்ட கணக்கை உங்க எண்களோட ஒரு பேப்பர்ல போடுங்க. போட்ட காசை அந்தப் பேப்பர்ல எழுதவே எழுதாதீங்க.
4. பரிவாகன்ல ஆர்சி பேர், காலாவதித் தேதி, லோன் பதிவு, வரி பாக்கி பாருங்க.
5. விக்கறதுன்னு முடிவானா, குறைஞ்சபட்ச விலை ஒண்ணை இப்பவே எழுதி வைங்க. பேரம் பேசும்போது மனசு அலைபாயும், அந்தக் காகிதம் அலையாது.

வித்து வர்ற பணத்துல முதல்ல அந்த வண்டிக்காக வாங்கின லோனைக் கட்டுங்க. மிச்சத்தை அவசர கால நிதியில போடுங்க. ஷெட் வாடகையும் இஎம்ஐயும் நின்ன மாசத்துலருந்து அதே தொகைக்கு ஒரு எஸ்ஐபி ஆரம்பிச்சுடுங்க. ஏற்கெனவே அது இல்லாமதானே சமாளிச்சுக்கிட்டு இருந்தீங்க!

ஜீப் ஆசை அப்படியே இருந்தா தப்பில்ல. கடன் தீர்ந்து, கையில காசு சேர்ந்த பிறகு, உங்களை மாதிரியே ஒருத்தர் முக்கால்வாசி முடிச்சுட்டு விக்க நிப்பார். பேப்பர் சுத்தமா இருந்தா, அப்ப நீங்க வாங்குற இடத்துல இருப்பீங்க.

வீடியோவுல இந்த அளவு விவரமாச் சொல்ல முடியலை, அதனாலதான் இவ்வளவு நீளம். ஆர்டிஓ கட்டணங்கள் அடிக்கடி மாறும், விண்ணப்பிக்கும் முன்னாடி ஒருமுறை சரிபாருங்க. ஊர்ல இதே நிலைமையில ஒரு நண்பர் இருந்தா, அவருக்கும் இதை அனுப்புங்க.